அவனுக்காக நான் சொன்ன ‘நான்’

குரல் போனது நீதிமன்றத்தின் மதிய இடைவேளையில். காப்பி ஊற்றிய பெண் பால் வேண்டுமா என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. வெறும் காற்று. சிரித்துத் தலையாட்டினேன். குளிர் தொடங்கும் காலம். ஒஸ்லோவில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது?

நான் மொழிபெயர்ப்பாளர். தமிழுக்கும் நோர்வீஜிய மொழிக்கும் நடுவில் இருபது வருடமாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவள். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. யார் பேசினாலும் அவராகவே பேச வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிரசவ அறையில் ‘எனக்கு வலிக்கிறது’ என்றிருக்கிறேன். அகதி மனு மறுக்கப்பட்ட முதியவருக்காக ‘என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள்’ என்றிருக்கிறேன். எத்தனையோ பேராக இருந்திருக்கிறேன். அந்த விதியை நேசித்தேன்.

அன்றைய வழக்கு யாருடையது, எந்தப் பிள்ளையுடையது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு மட்டும்: குழந்தைகள் மீது காமம் கொள்ளும் பெரியவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் இணையத்தில் இருக்கின்றன. அது இயல்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொள்கிறார்கள். காமம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அன்பு என்ற சொல்லை வைக்கிறார்கள். பயந்துபோய் மருத்துவரைத் தேடக்கூடிய ஒருவனையும் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அன்று குற்றம் சாட்டப்பட்டு நின்ற மனிதன் அங்கே பல வருடம் இருந்தவன். பிறகு ஒரு பிள்ளையைத் தேடிப் போனவன்.

“அக்கா, வடிவாச் சொல்லுங்கோ,” என்றான் அன்று காலை, என் பக்கம் திரும்பி. “நான் ஒரு பிள்ளைக்கும் கெடுதல் நினைச்சதில்லை. இதுவும் ஒரு அன்புதான். உலகத்துக்கு விளங்க நாள் எடுக்கும்.”

அக்கா என்றான். எங்கள் புருசெத் பகுதித் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது யாரோ கூப்பிடுகிற மாதிரி.

சொன்னேன். ‘நான்’ என்று தொடங்கிச் சொன்னேன். அவன் தடுமாறிய இடங்களில் நான் தடுமாறவில்லை. அவன் பாதியில் விட்ட வசனங்களைப் பழக்கத்தில் முடித்துக்கொடுத்தேன். நீதிபதி நிமிர்ந்து கேட்டார். பின் வரிசையில் இருந்த அந்தப் பிள்ளையின் தாய் அவனைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் (மூச்சுக்குழாயின் வாசலில் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) நன்றாக இருந்தன. திரையில் அவை திறந்து மூடுவதைப் பார்த்தேன். இது செயல்சார் குரலிழப்பு (உறுப்பில் குறையில்லாமலே குரல் நின்றுபோவது) என்றார்.

“ஏதாவது நடந்ததா?”

தொழில் இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவள் நான். இல்லை என்று தலையசைத்தேன்.

படத்தில் எதுவும் தெரியாத நோய் உங்களுக்கும் வந்திருக்கலாம். நடிக்கிறோமோ என்று உங்களுக்கே சந்தேகம் வரும். நடிப்பில்லை. உடம்பு உங்களைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்து மாதம். பதினொரு வயது மகள் அனுயா என் குரலானாள். பள்ளிக்கூடத்துக்கு, மருந்தகத்துக்கு எல்லாம் அவளே தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் என்று எத்தனை பெற்றோருக்கு நான் வகுப்பெடுத்திருக்கிறேன்! வெட்கம் தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

குரல் சிகிச்சையாளரிடமும் அவளே பேசினாள். “அவசரம் இல்லை. அம்மா கத்தாமல் வீடு நல்ல அமைதியாக இருக்கிறது.” சிகிச்சையாளர் சிரித்தார். பிறகு அவளை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“இருமுங்கள். இருமலில் குரல் இருக்கிறது. அதைப் பிடித்து நீட்டுங்கள்.”

இருமினேன். ம்ம்ம் என்று நீண்டது. சொல்லாக மாறும் இடத்தில் அறுந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடம்.

“நீதிமன்றத்தில் என்ன மொழிபெயர்த்தீர்களோ, அது உங்கள் பேச்சில்லை,” என்றார் ஒருநாள்.

“நன்றாகச் சொன்னேன்,” என்று கிசுகிசுத்தேன். “அவனைவிட நன்றாகச் சொன்னேன்.”

இன்னொரு முறை இருமச் சொன்னார். ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம், வீடு திரும்பும் ரயிலில் அனுயா கேட்டாள். “அம்மா, கோர்ட்டிலை என்ன நடந்தது? எனக்குச் சொல்லலாம்தானே. நான்தானே உங்கட வாய்.”

அவளுடைய மடியில் தொலைபேசி இருந்தது. அந்தக் குழுக்கள் இருக்கும் அதே உலகத்தின் கதவு. வழக்கைச் சொல்ல முடியாது. சொல்லாமல் விடவும் முடியாது. இதை அவள் வாயால் யாரிடமும் சொல்ல வைக்க முடியாது. என் வாயால்தான் சொல்ல வேண்டும்.

அவள் காதருகே குனிந்தேன். “ஒரு பெரிய ஆள் வந்து, இது அன்பு, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டால்...” மூச்சுத்தான் வந்தது. “அது பொய்.”

பொய் என்ற சொல் ஒலித்தது. கரகரத்து, ஆழத்திலிருந்து. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“பொய்,” என்றேன் மறுபடியும். “பிழை உன்ரை இல்லை. எப்பவும் இல்லை. என்னட்டை வா.”

அனுயா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்தது.

“இது உங்கட குரல் இல்லை, அம்மா.”

“ஓம்,” என்றேன்.

அவள் சொன்னது சரி. பழைய குரல் வரவில்லை. இது தாழ்ந்தது, பின்னேரத்தில் உடையும். நீதிமன்றங்களுக்கு இப்போது போவதில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் ஒருவர் முடிக்கும் கணமும் நான் தொடங்கும் கணமும் ஒன்றாக இருந்தன. இப்போது நடுவில் ஒரு மூச்சளவு இடம் விழுந்திருக்கிறது. அதற்குள் நின்று, இவருக்காக ‘நான்’ என்று சொல்லலாமா என்று உடம்பைக் கேட்கிறேன். தாதி பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். பெரும்பாலும் உடம்பு சம்மதிக்கிறது.

அன்பு என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அனுயா பள்ளிக்குப் புறப்படும்போது அவள் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிடுகிறேன். அது சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள்.