கோழி அடைந்த போர்விமானம்

சுவீடனில் ஓய்வுபெற்ற போர்விமானங்கள் என்ன ஆயின என்று துருவித் திரிவதுதான் முன்னாள் பஸ் டிரைவர் ரக்னில்டின் வேலை. 417 என்ற எண்ணுள்ள விமானத்தை உருக்கிவிட்டதாகச் சொல்லி விமானப் பதிவேட்டு அதிகாரி ஸ்டூரே சிரித்தார். அவள் நம்பவில்லை. பதினோரு வருஷம் தேடி, ஆல்வார் என்ற விவசாயியின் பண்ணையில் கோழி அடைந்த விமான உடலொன்றைக் கண்டுபிடித்தாள். வெளியே எண்ணை மறைத்துப் பெயிண்ட் அடித்திருந்தது.

"வெறும் தகரம். வா, காபி ஆறுது," என்றான் ஆல்வார்.

"ஆறட்டும். முதல்ல அந்தக் கோழியைத் தூக்கு!"

பழுதுபார்க்கக் கழற்றும் உடல் மூடிகள் வேறு விமானத்துடையதோடு மாறிப்போகாமலிருக்க மெக்கானிக்குகள் உட்புறத்தில் விமான எண்ணைக் கீறிவைப்பது வழக்கம். ஐந்து மூடிகளைக் கழற்றினாள். ஐந்திலும் 417.

அங்கிருந்தே ஸ்டூரேவுக்குப் போன் போட்டாள்.

"நீ உருக்கின விமானத்துல கோழி முட்டை போட்டிருக்கு. பதிவேட்டைத் தூக்கிட்டு வா, திருத்தணும்!"