உறையாத பட்டுப் பசை

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிகிறது. மைசூர்ப் பக்கத்துக் கொள்ளேகாலத்தில் ஆற்று நீரில் பட்டுக்கூடு அவித்துப் பழகிய எனக்கு முதல் மாதமே கை ஒடிந்தாற்போல் ஆகிவிட்டது. அந்த நீரில் கூட்டின் பசை சரியாகப் பிரியவே இல்லை.

என்னை இங்கே அளவெட்டி கிராமத்துக்கு வரவழைத்தவர் ஒரு டாக்டர். வீட்டுக்குப் பின்னால் பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டைத் தோட்டமும் சிறிய ஆய்வுகூடமும் வைத்திருந்தார். பட்டு இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஒரு புரதம், அதைப் பிரித்தெடுத்தால் தீக்காயத்துக்குப் பூசலாம் என்பது அவர் எண்ணம். மழைநீர் பிடித்து, அவிக்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, ஆறியதும் கடற்பாசி போல் உறைகிற பசையை எடுத்தவன் நான். இதைப் பற்றி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் வரும் என்றார். வந்திருந்தால் மைசூரில் எனக்கு நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும். கொழும்புக்குப் போன கட்டுரையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. கேட்டேன்.

"நீர் அவிச்சனீர். யோசிச்சது நான்" என்றார். என் நோட்டையும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அன்று முதல் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

கட்டுரையைப் படித்துவிட்டு, செய்முறையை நேரில் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு துரை வருவதாகக் கடிதம் வந்தது. அவர் குறித்த நாள் கந்தசஷ்டி விரதத்துக்குள் விழுந்தது.

"விரதத்துக்கை உயிரோடை ஒண்டையும் அவிக்கேலாது. பூச்சி பறந்துபோன கூட்டை எடும்" என்றார் டாக்டர்.

பூச்சி வெளியே வரும்போது வாயிலிருந்து ஒரு நீரைக் கக்கிப் பசையைக் கரைத்துத்தான் கூட்டைத் துளைக்கிறது. அந்த நீர் பட்ட கூட்டின் பசை உறையாது. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இதை நான் நோட்டில் எழுதவில்லை. அன்று வாயாலும் சொல்லவில்லை. "சரிங்க" என்றேன்.

குறித்த நாளில் வந்த துரை, பசையை ஆறவைத்திருந்த கோப்பையைச் சரித்தார். வெறும் தண்ணீர் அவர் சட்டைக் கையில் வழிந்தது.

"ஏன் உறையேல்லை?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"நோட்டுல இருக்கிறபடிதானுங்க அவிச்சேன். யோசிச்சது நீங்க" என்றேன்.

நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. துரையின் கார் திரும்பிப் போனபோது எனக்கு இனித்தது. இன்னும் இனிக்கிறது.

டாக்டர் என்னைத் துரத்தவில்லை. கூட்டை மாற்றியதில்தான் கோளாறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை; பசை உறையாத காரணம் எனக்குத்தான் தெரியும் என்று மட்டும் தெரியும். "உங்கடை ஊருக்கு எப்ப போறீர்?" என்று மட்டும் கேட்பார். "போலாமுங்க" என்பேன். என் பெயரை எழுதும் வரை அவருக்கு நான் சொல்லப்போவதில்லை. அவர் முகம் வாடுவதைப் பார்க்காமல் ஊருக்குப் போகவும் மனமில்லை. பெட்டி கட்டியபடியே இருக்கிறது. தினமும் அதிலிருந்து வேட்டியை எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அதிலேயே மடித்து வைக்கிறேன்.