மீனுக்கு மருந்து மடித்தவர்

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் அவர் வேலை பார்த்தார். எலும்பும் தோலுமான ஆள். சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கும். யார் என்ன வியாதியைச் சொன்னாலும், “வெளிக்கு எப்படிப் போகுது?” என்றுதான் முதலில் கேட்பார்.

என் கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் வயிறு ஒட்டி மெலிந்துபோனதைச் சொன்னபோதும் அதையேதான் கேட்டார்.

“வெள்ளையா, நூலு மாதிரிப் போகுது அண்ணாச்சி.”

“அப்ப வயித்துல பூச்சி. மருந்தத் தண்ணியில கலக்காதீய, உள்ள சேராது. தீனியில ஊறவச்சுப் போடுங்க. மீனத் தனியா விடணும், இல்லன்னா மத்தது தின்னுட்டுப் போயிரும்.”

மாத்திரையைப் பொடித்து, பழைய காலண்டர் தாளில் வேளைக்கு ஒன்றாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவிக் கொடுத்தார்.

நான்கு நாள் தீனியைத் துப்பிய மீன் ஐந்தாம் நாள் விழுங்கியது. மத்தியானமே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன்.

“தின்னுருச்சா! இனி பொழச்சுக்கிடும்” என்று முகம் மலர்ந்தார்.

கிளம்பும்போது வழக்கம்போல, “சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?” என்றேன்.

“எங்க! ரெண்டு மாசமா சோறே எறங்க மாட்டேங்கு.”

“சரி அண்ணாச்சி, வாரேன்” என்று படியிறங்கிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் நாம் கேட்கிற கேள்வி அது. திரும்பும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போதுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

மறுவாரம் அங்கே வேறொருவர் நின்றார். அவரைப் பற்றிக் கேட்டதற்கு, “இப்ப வாரதில்ல” என்றார்.

மீன் தேறிவிட்டது. “வெளிக்கு எப்படிப் போகுது?” என்று ஊரையெல்லாம் கேட்டவரிடம் அந்தக் கேள்வியை நான் ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கலாம்.