துளையில்லாத பூட்டு

திண்டுக்கல் மலை ஒருநாள் பறந்து போய்விடும் என்று எட்டு வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் கொல்லைப்பக்கம் ஓடி, மலை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். சரி, இன்றைக்கும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு பல்பொடியை எடுப்பேன்.

இதற்கெல்லாம் காரணம் வாரப்பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிய ஒரு மனிதர். எங்கள் வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கதைக்காரர் என்றால் அவர் ஒருத்தர்தான். மற்றவர்களெல்லாம் ஏதோ எழுதுகிறவர்கள், அவ்வளவுதான். அவருடைய 'மிதக்கும் மலை'யில் கோட்டை கொத்தளத்தோடு ஒரு மலை அப்படியே எழும்பி மேகத்துக்குள் போய்விடும். அந்தப் படத்தை அப்பா என்னிடம் காட்டி, “நம்ம மலை மாதிரியே இல்ல?” என்று கேட்டார். ஆமாம், அச்சு அசல் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் எங்கே நிம்மதியாகத் தூங்குவது?

அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை. வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். நயா பைசா வந்த புதிது அது. வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் அப்பா அரத்தைக் கீழே வைத்துவிடுவார். அவர் படித்து முடித்தால் அடுத்து அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அத்தைக்குப் பிறகு நான், எழுத்துக்கூட்டி. அம்மா மட்டும் அதைத் தொட மாட்டாள். “இருக்குற சோத்தத் தின்னுட்டு இல்லாத மலைக்குச் சண்டை போடுங்க” என்பாள்.

சண்டை நிஜமாகவே நடந்தது. 'மிதக்கும் மலை' முடிந்து 'கருங்கதவு' தொடங்கியதும் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. கதைக்காரரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. முந்தின கதையில் மலை பறந்தது, மீன் பேசியது, குருட்டு ராஜா நிலவைக் கையால் தடவிப் பார்த்தார். இதிலோ இளவரசன் ஏழு வாரமாக ஒரு சுரங்கத்தில் நடந்துகொண்டே இருக்கிறான்.

“அதுல எல்லாமே மந்திரம்ண்ணே” என்பாள் அத்தை. “மந்திரம் தெரிஞ்சா யாரு வேணாலும் செயிக்கலாம். இதுல அவன் யோசிக்கிறான். பயப்படுறான். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

அப்பா பட்டறையிலிருந்து ஒன்று சொல்ல, அத்தை அடுப்படியிலிருந்து ஒன்று சொல்ல, நடுவில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இல்லாத ஒரு ஊரைப் பற்றி இரண்டு பெரியவர்கள் இப்படி மூச்சுப் பிடித்துப் பேசுகிறார்கள் என்றால் அந்த ஊர் எங்கேயோ கட்டாயம் இருக்க வேண்டும். வடமதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

வடமதுரையிலிருந்து வந்தது மாப்பிள்ளை வீடு. அதற்கு முன் மூன்று இடத்தார் வந்து அத்தையைப் பார்த்து, கேசரி தின்று, “போயிக் கடுதாசி போடுறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கடுதாசியும் வரவில்லை. அத்தைக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் பழனியில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பது என்று பேச்சு. அவருடைய மூத்த பையனுக்கே அத்தை வயசு. அதனால் அம்மா அன்று காலையிலேயே அத்தையைப் பிடித்து நிறுத்தி, “தாயி, ஒன்னயக் கையெடுத்துக் கும்பிடுறேன். கேட்டா ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத” என்றாள். அத்தை தலையை ஆட்டினாள். எனக்கும் சேர்த்து ஒரு குட்டு விழுந்தது, எதற்கென்று தெரியாது.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்று பேர் மட்டும் வந்தார்கள். அரிசி மில் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக இருந்தார். அத்தை காபி கொடுத்து, தரையைப் பார்த்தபடியே நின்று, உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கூடத்தில் மழையைப் பற்றிப் பேசினார்கள். நெல்லைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேச்சு வற்றிப்போய் எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் கண்ணில் அலமாரியில் இருந்த பத்திரிகை பட்டது. “நீங்களும் வாங்குறீங்களா?” என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் பாயில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை அப்பா கட்சி! 'மிதக்கும் மலை' போல ஒன்று வரவும் வராது, 'கருங்கதவு' அதன் கால் தூசி பெறாது என்று இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கதையைத் துவைத்துக் காயப் போட்டார்கள். என் கையிலிருந்த சேலை விறைத்துக்கொண்டு வந்தது.

“போன வாரம் பாத்தீங்களா?” என்றார் மாப்பிள்ளை. “கதவுல பூட்டாம், பூட்டுல சாவி போடத் தொளையே இல்லையாம். கையில சாவிய வச்சுக்கிட்டு இளவரசன் முழிக்கிறான். அப்படி ஒரு பூட்டு ஒலகத்துல உண்டா? சுத்தக் கப்சா.”

“மலை பறக்குறத நம்புவீங்க. பூட்ட நம்ப மாட்டீங்களாக்கும்?”

யார் சொன்னது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. என் தலைக்கு மேலிருந்து அந்தக் குரல் வந்திருந்தது. அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து பட்டறைக்குப் போனாள். நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படி ஒரு நடையை நான் அதுவரை பார்த்ததில்லை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டோடும் சாவியோடும் திரும்பி வந்தாள். மாப்பிள்ளை முன்னால் பாயில் வைத்தாள். “தொறங்க” என்றாள்.

அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முன்னால், பின்னால், அடியில் எங்கேயும் துளை இல்லை. பூப்போல மூன்று குமிழ்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்கினார், திருகினார், காதில் வைத்துக்கூடக் கேட்டார். அவருடைய அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னமோ வெளையாட்டுச் சாமான்” என்று கொடுத்துவிட்டார். அம்மாக்காரி தொடவே இல்லை. பெண் பார்க்க வந்தவர் பெண்ணை விட்டுவிட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்துவிட்டது மனுசனுக்கு.

அத்தை அவர் கையிலிருந்து அதை எடுத்தாள். நடுக்குமிழைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே அடுத்ததை லேசாகத் திருப்பினாள். முகப்புத் தகடு வழுக்கி விலகியது. உள்ளே துளை! சாவியைப் போட்டாள், பூட்டு திறந்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்தப் பூட்டை நூறு தடவை பார்த்திருப்பேன். அந்த விரல்தான் எனக்குத் தினமும் தலை வாரிவிட்ட விரல். அன்றைக்கு ஏதோ வேறு லோகத்திலிருந்து வந்தது போல அதைப் பார்த்தேன். கதைக்காரர் பறக்க வைத்த மலைகூட அப்படி என்னை வாயடைக்க வைத்ததில்லை.

“பொண்ணு ரொம்ப வெவரம்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். “கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்.” கடுதாசி போடுகிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் குதித்தேன். “அத்தை, நாம செயிச்சுட்டோம்ல?” அத்தை பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பூட்டின் மேல் சொட்டியது. ஜெயித்தவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா மட்டும் “பழனிக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்” என்று பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்பா பட்டறைக்குப் போய் அரத்தை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. முதல்முறையாக அப்பா தான் படிக்காமல் அதை அத்தையிடம் நீட்டினார். அத்தை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். இளவரசன் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணை மூடி ஒரு மந்திரம் சொல்கிறான். பூட்டு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. குமிழும் இல்லை, தகடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கதைக்காரர் என் அத்தையைக் கைவிட்டுவிட்டார். அந்த மாப்பிள்ளை சொன்னதுதான் சரி, எல்லாம் கப்சா. எனக்கு அழுகையாக வந்தது. வடமதுரையில் அவர் இதே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கடுதாசி வந்தது. அப்பா அரத்தைப் போட்டுவிட்டு வந்து பிரித்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார். அம்மா அந்த இடத்திலேயே மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. அப்பா அதை உரக்கப் படித்தார். 'இந்த வாரம் கதைக்காரர் பூட்டைத் திறந்தது தப்பு. தங்கள் தங்கை திறந்ததே சரி.'

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அத்தை கடுதாசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கதைக்காரரே மாப்பிள்ளை பக்கம் வந்துவிட்டார், ஜெயித்தது அவர்தானே? ஜெயித்தது தெரியாமல் தோற்றுவிட்டேன் என்று தானாகவே எழுதிக் கொடுக்கிற ஆளா எங்கள் அத்தைக்கு வாய்க்க வேண்டும் என்று, பாவம், அவளுக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டேன்.