ராட்காவின் பள்ளிக்கூடமும் என் மேல் அறையும்

தோர்ண்டன் ஹீத்தில் புதிதாக ஒரு பல்கேரியக் கடை திறந்திருக்கிறார்கள். போன கிழமை அங்கே போய்த் தயிர் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இல்லையாக்கும் என்று நான் திரும்ப, கையில் தயிர் வாளியோடு கூப்பிட்டாள். தங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'ஓம்', 'ஆமாம்' என்றுதான் அர்த்தமாம், பழக்கதோஷமாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராட்கா நினைவுக்கு வந்துவிட்டாள்.

பல வருசங்களுக்கு முன் லூயிஷாமில் ஒரு தையல் கடையில் நானும் ராட்காவும் அருகருகே இருந்து காற்சட்டைகளுக்குக் கரை மடித்தோம். பல்கேரியாவில் ஒரு சிறு நகரத்தில் தையல் படிப்பித்தவள் அவள். மெசின் எண்ணெய் மணந்தால் போதும், பள்ளிக்கூடக் கதை தொடங்கிவிடும். முதலில் அது ஒரு வியாபாரியின் வீட்டில், பெண்பிள்ளைகள் பூத்தையல் பழகிய ஒற்றை அறையாம். பிறகு உயர்தரப் பள்ளி. ஊருக்கு அரசாங்க நூல் ஆலை வந்ததும் நெசவுத் தொழிற்பள்ளி, காலையும் மாலையும் வகுப்பு. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறும், கோட்டு மாட்டும் ஆணிகள் மட்டும் மாறாது என்பாள். ஆலை மூடியது, சனம் வெளியேறியது, கடைசி வகுப்பில் ஏழு பிள்ளைகள். அவர்களுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு, பள்ளியைப் பூட்டிச் சாவியை நகரசபையில் ஒப்படைத்தவள் இவள்தான்.

நானும் விடுவேனா? சண்டைக்குள் எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டு இடம்பெயர்ந்து போய், வேறொரு பள்ளிக்கூடத்தின் வாங்குகளில் பின்னேர வகுப்பு இருந்த என் கதையை எடுத்துவிடுவேன். பள்ளிக்கூடம் இழந்ததில்கூட எனக்கு ஒரு பெருமை. உண்மையில் அது கேட்க ஆள் கிடைத்த பெருமை. வீட்டில் எனக்கு யாரும் இல்லை.

அவளோ ஆறு பேரோடு ஒரே அறையில் நெருக்குண்டு கிடந்தாள். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இங்கிலீசில்தான்.

"என்னோட வந்து இருமன் ராட்கா. மேல் அறை சும்மாதான் கிடக்குது."

எப்போதும் வாயால் பதில் சொல்கிறவள். அன்றைக்கு உதடு நிறையக் குண்டூசி. தலையை மட்டும் ஆட்டினாள், இடமும் வலமும்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ரோசக்காரி நான், திரும்பக் கேட்கவில்லை. கதையும் குறைந்துபோனது. இரண்டு கிழமை கழித்து அவளே மெதுவாகக் கேட்டாள்.

"கட்டில் வாங்கியாச்சோ?"

நக்கல் அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கெதுக்கு இன்னொரு கட்டில்?"

அவள் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு அது எங்கட சனமான கடை முதலாளி அண்ணை சொல்லித்தான் தெரியும். "உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார் அண்ணை.

தையல் கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ராட்கா தந்த நம்பர் பாவனையில் இல்லை. தேடலாம் என்று கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் கதை முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனால் ராட்கா எப்போதும் 'எங்கட ஊர்' என்றுதான் சொன்னாள். நானும் என் ஊரை அப்படியே சொன்னேன். ஊருக்குப் பெயர் என்ன என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.