அரைச்சுத்து அண்ணனும் ரொட்டி வேனும்

கார்பரேட்டரின் திருகாணியைத் தொடுவதற்கு முன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். தொட்ட பிறகும் துடைத்துக்கொள்வார். இடையில் நடப்பது அரைச் சுற்று. "அதுக்கு மேல திருப்பினா அது ரிப்பேர் இல்லை, சண்டை" என்பார். அதனால் அவருக்கு அரைச்சுத்து என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஓர் அண்ணனை ஒட்டிக்கொள்வார்கள்.

பழைய வண்டிகளின் கார்பரேட்டர் மட்டும்தான் பார்ப்பார். பிரேக், கிளட்ச் என்று வந்தால் பக்கத்துப் பட்டறைக்குக் கைகாட்டிவிடுவார். ஸ்பானரைவிடக் காதுதான் அவருக்குக் கருவி. தெருக்கோடியில் ஒரு லாரி இருமினால், டீயை உறிஞ்சியபடியே நோயைச் சொல்லிவிடுவார். சொன்னதைக் கேட்டு வெட்கப்பட்டு, ஒரு லாரி தானாகவே சரியாகிப் போனது. நம்பாதவர்களுக்காக நான் என்ன செய்ய முடியும்? கண்ணால் பார்த்தேன்.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்ததுகூட இல்லை. பானெட்டைத் திறந்து, கார்பரேட்டரின் லீவரை விரலால் இழுத்துவிட்டு, உறுமி அடங்குவதைக் கேட்டே தீர்ப்புச் சொல்வார். கேலி செய்தால், "கண்ணாடிக் கடைக்காரர் உங்க கண்ணாடியைத் தானே மாட்டிக்கிட்டா பார்க்கிறாரு?" என்று வாயை அடைத்துவிடுவார்.

போன வியாழக்கிழமை காலை அவருடைய அக்கா ரொட்டி வேனோடு வந்து இறங்கினாள். ஆக்ஸிலரேட்டர் பெடலிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் கம்பியை முந்தின வாரம் இவர்தான் மாற்றிக் கொடுத்திருந்தார். லாரி ஒன்றை முந்துவதற்காகத் தரையோடு மிதித்தாளாம். காலை எடுத்தால் பெடல் எழவில்லையாம். சாவியை அணைத்து, பிரேக்கின்மேல் ஏறி நின்று, ஆட்கள் கடப்பதற்குப் போட்ட வெள்ளைக்கோட்டில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த குழந்தை வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். பெடலைக் கையால் தூக்கிவிட்டு, அங்கிருந்து ஊர்ந்தே வந்தாளாம்.

அண்ணன் பானெட்டைத் திறந்து விரலால் இழுத்தார். லீவர் நல்ல பிள்ளையாகத் திரும்பியது. பத்துத் தடவை இழுத்தார், பத்துத் தடவையும் திரும்பியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் முடிப்பதற்குள் அக்கா சாவியைப் பானெட்டின்மேல் வைத்தாள்.

"உன் விரலுக்குச் சரியா இருக்குடா. ரோட்டுல நான் விரலாலயா ஓட்டறேன்? ஏறி உட்கார்ந்து மிதிச்சுப் பாரு. இல்லைன்னா இந்தச் சாவியை இனி நான் தொடமாட்டேன்."

வேன் நின்றால் அக்காவின் பிழைப்பும் நின்றது. அண்ணன், யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவர்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மெல்ல மிதித்தார், எழுந்தது. தரையோடு மிதித்தார். டக்கென்று ஒரு சத்தம். காலை எடுத்தார். பெடல் கீழேயே கிடந்தது.

அவர் விரல் ஒருநாளும் போய்ப் பார்க்காத கடைசிக் கால் அங்குலம் அது. அவர் போட்ட கம்பி நீளம் கூடியதால், முழுதாக மிதித்தால் அதன் நடுவில் முழங்கால்போல மடங்கும் மூட்டு மறுபக்கம் மடங்கிப் பூட்டிக்கொண்டது. செருப்பைப் போடாமலே இறங்கி வந்தார்.

"தப்பு என்னோடதுதான்க்கா."

கம்பியைக் கழற்றி, நுனியை ஆறு முழுச் சுற்றுத் திருகிக் குறைத்தார். பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட்டும் வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, இன்ஜின் ஓடும்போதும் ஓடாதபோதும், பாதம் சிவக்கும்வரை மிதித்தார். ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

அக்கா வேனை வெளியே எடுத்தாள். கூடவே அவரும் ஏறிக்கொண்டார். வெள்ளைக்கோடு தூரத்தில் தெரிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டாள். அண்ணன் மிதிக்கச் சொன்னார். அவள் கால் பெடலுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை.

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டோரமாகவே நடந்து போனார். வெள்ளைக்கோட்டின் நடுவில் போய் நின்று, வேனைப் பார்த்துத் திரும்பி, வா என்று கையசைத்தார்.