பெரட்டில் பதில் சொல்லாத கேமரா

மலேசியாவில், கோலா பிலா பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் அண்ணன் டிராக்டர் ஓட்டினார். ஒரு விபத்துக்குப் பிறகு அவர் கழுத்து பின்னால் திரும்பவில்லை. பின்பக்கம் தெரிய ஒரு கேமரா மாட்டிக் காட்டினால் ஓட்டலாம், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார்.

கடையில் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். சிரம்பானில் கேமராக்களுக்குக் கர்னல் நிரல், அதாவது கணினி இயங்குதளத்தின் கருவில் ஓடும் நிரல், எழுதிப் பிழைக்கிற எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

டிவைஸ் ட்ரீ என்பது எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பட்டியல். எஸ்டேட் பெரட்டு மாதிரிதான். காலையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் வாசிப்பார், ஆள் குரல் கொடுத்தால்தான் வேலை. கர்னலும் அந்த முகவரியில் கூப்பிடும். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் பதில் தந்தால்தான் கேமராவாகப் பதியும். என் சென்சார் வாயே திறக்கவில்லை.

சனி முழுக்க வயரைக் குறை சொன்னேன். ஞாயிறு மதியம், கண் எரிய எரிய, சென்சாரின் விவரத்தாளை மறுபடி படித்தேன். எழுதவா படிக்கவா என்று சொல்லும் கடைசி பிட்டையும் சேர்த்து முகவரி போட்டிருந்தார்கள். நான் அதை அப்படியே பட்டியலில் எழுதியிருந்தேன். கர்னலுக்கு அது இல்லாத எண் வேண்டும், அதாவது அதில் சரிபாதி. இதே தப்புக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். எண்ணை மாற்றியதும் மேசைமேல் கேமராவோடு இணைத்திருந்த சின்னக் கணினிப் பலகையில் படம் வந்தது. அங்கேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

திங்கள் பெரட்டு முடிந்தும் ஆட்கள் கலையவில்லை. அண்ணன் சாவியைத் திருப்பினார். திரை கறுப்பாகவே இருந்தது. டிராக்டரில் முன்பே மாட்டி வைத்திருந்தது அதே மாதிரி இன்னொரு பலகை. அதன் மெமரி கார்டில் பழைய டிவைஸ் ட்ரீ. திருத்தியதை அதில் ஏற்ற மறந்திருந்தேன். மடிக்கணினியோ சிரம்பானில்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன் சார்," என்றேன்.

"வெட்டுன குலை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் மேனேஜர்.

அண்ணன் இறங்கி மண்டோரிடம் சாவியைக் கொடுத்தார்.

"விடு லா தம்பி. ஒனக்குத் தூக்கமே இல்ல," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் லீவு போட்டுப் போய்க் கார்டை மாற்றினேன். பத்து நிமிட வேலை. ஆளை மாற்றியது மாற்றியதுதான் என்று மண்டோர் முன்பே சொல்லிவிட்டார்.

"நல்லா தெரியுது லா," என்றார் புது ஓட்டுநர்.

நன்றாகத்தான் தெரிந்தது. டிராக்டருக்குப் பின்னால், திரும்பாத கழுத்தோடு குனிந்து, அண்ணன் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.